இராயப்பர் பீடத்துக்கு வந்த கட்டெறும்புங்க

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
9-7-1953

என் அன்பு மகள் ஹில்டாவுக்கு அம்மா வியாகுலம்மாள் நெத்தியில சிலுவை போட்டு முத்தம் குடுத்து எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்துல இங்க நானு, உன் நைனா, தம்பி யேசுதாஸ் மூணு பேரும் வேளைக்குச் சோறு தின்னு வேளைக்குச் சண்டை போட்டுக்கினு சௌக்கியமா இருக்கோம். நாக்பூர்ல நீ நல்லா சாப்பிடறியா, நைட் டூட்டி முடிஞ்சா தூங்கறியா, அது தெரிஞ்சாத்தான் என் சௌக்கியம் முழுசாகும். உன் கடுதாசி வந்து நாளாச்சு, பதில் போடலைன்னு கோச்சிக்காத கண்ணு. திருநாள் வேலையில பேனா புடிக்க நேரமில்லை, அதுக்கு மேல ஒரு சமாச்சாரம் முடியாம எழுத மனசும் வரலை. பாதியில எழுதினா நீ அங்க தனியா உக்காந்து அழுவே, முடிஞ்சப்புறம் எழுதினா சிரிப்பே, நீ சிரிக்கறதுதான் எனக்கு வேணும். தம்பிக்கு எண்ணூர் மோட்டார் கம்பெனியில வேலை நிரந்தரமாயிடுச்சு, காலையில ரயிலுக்கு ஓடறான், சாயங்காலம் வந்து கிரீஸ் கையை என் வெள்ளைத் துண்டுலதான் தொடைக்கிறான், கேட்டா கறுப்பு துண்டு வாங்கிக்கோன்றான். நைனாவுக்கு ஹார்பர்ல அதே கிரேன், அதே இருமல், அதே முன்கோபம். பக்கத்து வூட்டு காத்தூன் பீவி உனக்கு சலாம் சொன்னா, ஊசி போடற பொண்ணு லீவுல வந்தா என் முட்டிக்கு ஒண்ணு போடச் சொல்லுன்னா.

போன வருஷம் திருநாள் அன்னிக்கு நம்ம தெரு இராயப்பர் சுரூபம் நம்ம வூட்டுக்கு வந்துச்சுன்னு எழுதியிருந்தேனே, அந்த கதைதான் இது. வருஷத்துக்கு ஒரு வூடுன்னு அவரு சுத்தி வர்றது உனக்குத் தெரியும், ஆனா அது இத்தினி காலமா கடலுக்குப் போறவங்க வூட்டுங்களுக்குள்ளதான். நம்மள மாதிரி கரையில வேலை செய்யறவங்க அதே தெருவுல பொறந்து வளர்ந்தாலும் சப்பரத்துக்குப் பின்னால மெழுகுவத்தி புடிச்சுக்கினு நடக்கலாம், அவ்ளோதான் மரியாதை. உன் நைனா கேட்டுக் கேட்டு வாய் வலிச்சப்புறம் போன வருஷம்தான் அரை மனசா சரின்னாங்க. அந்த இக்னேஷியஸ் இருக்கான் இல்ல, ரெண்டு கட்டுமரம் வெச்சிருக்கானே, மீசைக்காரன், அவன் மட்டும் கடைசி வரைக்கும் முகம் குடுக்கலை, கிரேன் ஓட்டறவனுக்கு கடல்காரன் சாமியைப் பத்தி இன்னா தெரியும்னு எல்லார் எதிர்லயும் கேட்டுட்டான். இந்த வருஷம் நம்ம வூட்டுல இருந்து இராயப்பர் போக வேண்டியது அந்த இக்னேஷியஸ் வூட்டுக்குத்தான், பாத்துக்கோ. ஒழுங்கா வெச்சிருந்து ஒழுங்கா ஒப்படைச்சாத்தான் கரைக்காரங்களுக்கு இனிமே முறை உண்டு, ஏதாவது கொறை வந்துச்சோ நம்ம வூட்டோட சரி, அப்படின்னு பேச்சு. நைனா வெளியில சொல்லலையே தவிர அவருக்கு அது உசிரு மாதிரி ஆயிடுச்சு.

சுரூபத்தை நம்ம வூட்டு மேசை மேல எறக்கி வெச்சப்பவே பெரியவங்க ஒரு சட்டம் சொல்லிட்டுப் போனாங்க. அடுத்த திருநாள் வரைக்கும் அவரை ஒரு விரக்கடை கூட நகர்த்தக் கூடாது, இராயப்பர் அசைஞ்சா கடல்ல கட்டுமரம் கவிழும். அவ்ளோதான், உன் நைனா அன்னிக்கு ஆரம்பிச்சாரு காவல். மேசைக்குப் பக்கத்துல நான் வேகமா நடந்தா கூட மெதுவாடீன்னுவாரு. தம்பி கதவை அடிச்சு சாத்தினா அன்னிக்கு அவனுக்கு அர்ச்சனைதான். முதல் வாரம் ஜனங்க பொரியும் சர்க்கரையும் கொண்டாந்து பீடத்துல வெச்சாங்களா, கொல்லையில முருங்கை மரத்தடியில குடியிருக்கற கட்டெறும்பு மோப்பம் புடிச்சு வந்துடுச்சு. சேசு கூப்பிட்டு தண்ணி மேல நடந்தவரு கால் மேல எறும்பு நடக்கறதான்னு நைனாவுக்கு ஆத்திரம். மேசையைத் தூக்கி காலுக்குக் கிண்ணம் வைக்கலாம்னா தூக்கக் கூடாதே, அதனால நாலு காலைச் சுத்தியும் களிமண்ணுல வரப்பு கட்டி தண்ணி ஊத்தினாரு, பின்வாசப்படியில மஞ்சத்தூளு, சாம்பலு, இன்னும் இன்னா இன்னாவோ தூவினாரு. காத்தூன் பீவி பார்த்துட்டு, எங்கள்ல எறும்பைக் கொல்லக் கூடாதும்மா, அதுங்க பாட்டுக்குப் போவுது வுடேன்னா. இவரா கேக்கறவரு. ரெண்டு வாரத்துல ஒரு எறும்பு கூட அந்த ரூம் பக்கம் எட்டிப் பார்க்கலை, வர்றவங்க எல்லாம் கரைக்காரன் வூட்டுல எவ்ளோ சுத்தம் பாருன்னாங்க, இவருக்கு சட்டை பட்டன் தெறிச்சுது.

இந்த வருஷம் திருநாள் நவநாள் ஆரம்பிக்கறதுக்கு முன்ன, சுவத்துக்கும் பீடத்துக்கும் நடுவுல தூசி இருக்குமேன்னு ஈரத்துணியோட கையை மட்டும் பின்பக்கம் வுட்டேன். கையில சொரசொரன்னு மண்ணு. சுரூபத்துக்குப் பின்னால மண்ணு எங்கேர்ந்து வரும்னு விளக்கைத் தூக்கிப் புடிச்சு எட்டிப் பார்த்தா, என் சேசுவே, சுவத்து அடியில இருந்து விரல் தடிப்புல மண்ணுக் குழாய் கிளை கிளையா ஏறி பீடத்துக்குள்ள போயிருக்குது, கரையான். மேசைக் காலுக்குத்தானே நைனா காவல் வெச்சாரு, அதுங்க சுவத்து வழியா வந்துடுச்சு. போதாததுக்கு வருஷம் பூரா தண்ணி ஊத்தி ஊத்தி அந்த மூலையே ஈரம், கரையானுக்கு விருந்து போட்டு விசிறியும் வீசின மாதிரி ஆயிடுச்சு. சுரூபம் பழைய தேக்கு, அதுல பல்லு படலை. கீழ இருக்கற பீடம் எப்பவோ ஒடைஞ்சு மாம்பலகையில மாத்தினது, அதைத்தான் பின்னால இருந்து தின்னுக்கினு இருந்துச்சுங்க. முன்னால பார்த்தா பெயிண்டு பளபளன்னு இருக்குது, பின்னால விரல் வெச்சா அப்பளம்.

அந்த பீடத்தைத்தானே சப்பரத்துல வெச்சு ஆணி முடுக்கி தோள்ல தூக்குவாங்க, நடுத்தெருவுல இராயப்பர் குப்புற விழுந்தாருன்னா நம்ம கதி இன்னா, நீயே சொல்லு. நைனா வந்து பார்த்தாரு, பார்த்தவரு அப்படியே தரையில உக்காந்துட்டாரு, ஹார்பர்ல மூட்டை தலைக்கு மேல ஆடும்போது கூட பயப்படாதவரு. கொஞ்ச நேரம் கழிச்சு கிருஷ்ணாயில் ஊத்தலாம்னாரு. அணையா விளக்கு எதிர்ல எரியுது, கிருஷ்ணாயில் ஊத்தினா இராயப்பரோட நாமளும் சேர்ந்து மோட்சம் போகலாம், அதுவுமில்லாம பெயிண்டு உரிஞ்சு வந்துடும்னேன். விளக்கை அணைக்கலாமான்னாரு, அதுவும் கூடாது. நகர்த்திட்டு மருந்து வைக்கலாமான்னு நான் கேட்டேன். அதுக்கு அவரு, வியாகுலம், இந்நேரம் எத்தினி பேரு கடல்ல இருப்பாங்க தெரியுமா, நான் நகர்த்தி ஒருத்தன் செத்தான்னா நான் இருந்து இன்னா பிரயோஜனம்னு கேட்டாரு.

மறுநாள் அவரு வேலைக்குப் போனப்புறம் கை எட்டின மட்டும் மண்ணைச் சுரண்டி முறத்துல வாரி கொல்லையில கொட்டினேன், முருங்கை மரத்தடியில. முறத்தைக் கழுவிட்டு திரும்பிப் பார்க்கறேன், அங்க ஒரு கலாட்டா. எங்கேர்ந்து வந்துச்சுங்கன்னு தெரியலை, கட்டெறும்பு, கறுகறுன்னு, மண்ணைக் கெளறி கெளறி உள்ள இருந்த வெள்ளைக் கரையானை வாயில கவ்விக்கினு பொந்துக்குள்ள போவுது. கல்யாண வூட்டுப் பந்தி மாதிரி ஒண்ணு போனா ரெண்டு வருது. வெளிச்சத்துல வுட்டா கரையானுக்கு ஓடக் கூட தெரியலை, அதோட வீரம் எல்லாம் அந்த மண்ணுக் குழாய்க்குள்ளதான். நான் முறத்தோட நின்னுக்கினே இருந்தேன். அட பாவி மனுஷா, இவங்களைத்தானே நீ வரப்பு கட்டி வெரட்டினேன்னு எனக்கு சிரிப்பும் வருது அழுகையும் வருது. எறும்பு ஊரக் கல்லும் தேயும்பாங்க, நம்ம வூட்டுல எறும்பு ஊராம மரம் தேஞ்சு போச்சு.

சரி, வெரட்டினவங்களை நாமதான் கூப்பிடணும்னு முடிவு பண்ணேன். பின்வாசப்படியைக் கழுவித் தள்ளினேன், வரப்புல இருந்த தண்ணியைத் துணியில ஒத்தி எடுத்து களிமண்ணை ஒடைச்சு அள்ளினேன். சத்தம் கேட்டு வந்த காத்தூன் பீவி, இன்னா கீது இங்கன்னு கேட்டு, விஷயம் தெரிஞ்சதும் முட்டிவலியை மறந்துட்டு உக்காந்துட்டா. அவ முறத்துல கரையான் மண்ணை வெச்சுக்கினு முருங்கை மரத்துல இருந்து மேசை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா தூவிக்கினே வந்தா, நான் கொண்டை ஊசியால பீடத்துக்குப் பின்னால இருந்த குழாயை எல்லாம் கீறி வாயைத் தொறந்து வுட்டேன். சுரூபம் அசையலை, சத்தியமா. மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் வரலை, நாங்க ரெண்டு பேரும் சம்பந்தி வூட்டாருக்குக் காத்திருக்கற மாதிரி வாசலைப் பார்த்துக்கினு உக்காந்திருந்தோம். அப்பால ஒண்ணு வந்துச்சு, மோந்து பார்த்துச்சு, திரும்பிப் போச்சு. போனது ஊரையே கூட்டிக்கினு வந்துச்சு.

சாயங்காலம் நைனா வந்து பார்க்கறாரு, வருஷம் பூரா எது வரக் கூடாதுன்னு காவல் காத்தாரோ அது இராயப்பர் கால் மேலயே சாரை சாரையா ஏறிக்கினு கீது. புத்தி கெட்டுப் போச்சாடி உனக்குன்னு ஒரு கத்து கத்தினாரு. நான் விளக்கை எடுத்து பின்பக்கம் காட்டினேன். எட்டிப் பார்த்தாரு. பார்த்துக்கினே இருந்தாரு. அப்பால முக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, நம்ம பக்கம் குத்துச்சண்டை பார்ப்பாரே அந்த மாதிரி, அந்தா தூக்கிட்டான், வுடாத, வுடாத, இந்தப் பக்கம் ஒருத்தன் கீறான்னு எறும்புக்கு வாத்தியார் வேலை பார்க்க ஆரம்பிச்சுட்டாரு. கரையானுங்க சும்மா இல்லை, தலை பெருத்த காவல்காரனுங்க வாசல்ல நின்னு கடிச்சுதுங்க, எறும்பும் கொஞ்சம் செத்துச்சு, ஆனா கட்டெறும்பு வுடலை. மூணு நாலு நாள்ல பீடத்துக்குள்ள வெள்ளையா ஒண்ணும் நகரலை. சுவத்துக்கு உள்ள, தரைக்கு அடியில எங்கயோ அதுங்க கூடு இன்னும் இருக்கும், அது வேற விஷயம், ஆனா மேல ஏற தைரியம் இல்லை.

இதுக்குள்ள வந்துச்சு அடுத்த பேஜாரு. நவநாள் ஜெபத்துக்கு வந்தா இல்ல இக்னேஷியஸ் பொண்டாட்டி தாயம்மா, அவ கண்ணுல எறும்பு பட்டுடுச்சு. உதட்டைச் சுழிச்சுக்கினு போனா. மறுநாள் குழாயடியில, கரைக்காரங்க வூட்டுல இராயப்பர் மேல எறும்பு ஊருதாம், தொடைக்கக் கூட நாதியில்லையாம்னு பேச்சு. நைனா அதைக் கேட்டுட்டு அன்னிக்கு சோறு திங்கலை. ஓட்டையில மெழுகை உருக்கி ஊத்தி மேல பெயிண்டு அடிச்சுடலாம், யாருக்குத் தெரியப் போவுதுன்னாரு. நான் சொன்னேன், உங்களுக்கு மானம் போவும்னு பயம், எனக்கு தூக்கறவன் தலையில இராயப்பர் விழுவாருன்னு பயம், எது பெருசுன்னு நீங்களே பாருங்கன்னேன். அதுக்கப்புறம் மெழுகைப் பத்திப் பேசலை.

திருநாள் அன்னிக்கு சாயங்காலம் தெருவே நம்ம வாசல்ல. முறை எடுக்கற வூட்டுக்காரன்தான் முதல்ல கை வெக்கணும், இக்னேஷியஸ் வெள்ளை வேட்டி கட்டிக்கினு உள்ள வந்தான். உன் நைனா குறுக்க போய் நின்னாரு. கையைக் கட்டிக்கினு எல்லாத்தையும் சொன்னாரு, எறும்பை வெரட்டினது, கரையான் வந்தது, பீடம் போனது, ஒண்ணு வுடாம. தப்பு என் வூட்டுலதான் நடந்துச்சு, தோள்ல தூக்கறதுக்கு முன்ன தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன், இனிமே எங்களுக்கு முறை வேணாம்னு நீங்க சொன்னா கேட்டுக்கறேன்னாரு. பேண்டு வாசிக்கறவங்க கூட நிறுத்திட்டாங்க. இக்னேஷியஸ் பீடத்துக்குப் பின்பக்கம் கையை வுட்டான், எறும்பு கடிச்சிருக்கும், கையை உதறிக்கினு மீசையைக் கோணிக்கினு நைனாவைப் பார்த்தான். கரையானுங்க இவ்ளோ தின்ற வரைக்கும் நீ நகர்த்தியே பார்க்கலையான்னு கேட்டான். நகர்த்தக் கூடாதுன்னீங்களேன்னாரு இவரு.

இக்னேஷியஸ் தாயம்மாவைத் திரும்பிப் பார்த்தான், தாயம்மா தரையைப் பார்த்தா. அப்பால அவன் சொன்னதை அப்படியே எழுதறேன். “எங்க வூட்டுல இருந்தப்ப இவ மாசா மாசம் நகர்த்தித்தாம்பா பெருக்கினா. எல்லா வூட்டுலயும் அப்படித்தான். நீ நெசமாவே ஒரு வருஷம் நகர்த்தலையா?” கூட்டத்துல யாரோ முதல்ல சிரிச்சாங்க, அப்பால பொம்பளைங்க எல்லாம் முந்தானையால வாயைப் பொத்திக்கினாங்க, ஒருத்தி மூஞ்சியும் நிமிரலை. சட்டம் சொன்ன பெரியவங்க வானத்தைப் பார்க்கறாங்க. உன் நைனா மட்டும் சிரிக்கலை, உங்க மரம் எல்லாம் கடல்ல இருக்கும்போது நான் எப்படி நகர்த்தறதுன்னாரு. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கலை கண்ணு.

இக்னேஷியஸ் ஆளை அனுப்பி அவன் வூட்டுல இருந்து நல்ல மரத்துண்டும் கயிறும் எடுத்தாரச் சொன்னான். அரிச்ச பீடத்தைக் கழட்டிப் போட்டுட்டு, கட்டுமரம் கட்டற அதே கட்டு போட்டு இராயப்பரை அந்தத் துண்டோட இறுக்கினாங்க. ஜரிகை துணி சுத்தினப்புறம் யாருக்கும் ஒண்ணும் தெரியலை. தூக்கும்போது இக்னேஷியஸ் தள்ளி நின்னு, முன்கொம்பு நீ புடின்னு நைனாகிட்ட சொன்னான். சப்பரத்தை முன்னால தாங்கற கொம்பு, கடல்காரன் தோளைத் தவிர வேற தோள் படாத கொம்பு. இவரு போய் தோளைக் குடுத்தாரு. நான் மெழுகுவத்தியோட பக்கத்துலயே நடந்தேன், இவரு கன்னம் ரெண்டும் நனைஞ்சு கெடக்குது, பார்த்தவங்க எல்லாம் இன்னா பக்தின்னாங்க. எனக்குத் தெரியும், சுரூபத்துல ஒட்டிக்கினு இருந்த எறும்புங்க அவரு சட்டைக்குள்ள பூந்துடுச்சு, கொம்பை வுட்டுட்டு சொறியவும் முடியாது. அழுதது எறும்பாலயா பக்தியாலயான்னு கேட்டேன், இன்னிக்கு வரைக்கும் சொல்ல மாட்டேன்றாரு. தோள்பட்டை இன்னும் வீங்கிக் கெடக்குது, நீ போன தபா குடுத்தனுப்பின தைலத்தைத் தேய்க்கறேன்.

ஹில்டா, உன் படுக்கையையும் டிரங்குப் பெட்டியையும் சுவத்துல ஒட்டி வெச்சிருந்தா தள்ளிப் போடு, மாசம் ஒரு தபா பின்னால பாரு. நைனாவுக்குத் தனியா ரெண்டு வரி எழுது, முன்கொம்பு தூக்கினதைக் கேள்விப்பட்டேன்னு எழுது, நான் சொன்னேன்னு காட்டிக்காத. அந்தோணியார் பதக்கத்தைக் கழட்டாத, பூசையை வுடாத, தலைக்கு எண்ணெய் வை. பனிமய மாதா உனக்குத் துணையா நிக்கணும், உன் கையால ஊசி போட்டுக்கறவங்க எல்லாம் எழுந்து நடக்கணும்னு தினம் ஜெபமாலையில வேண்டிக்கறேன்.

கடுதாசியை மடிக்கப் போகும்போது வாசல்ல தாயம்மா, கையில காலி மண்சட்டி. உள்ள வந்து உக்காரவும் இல்லை, நின்னுக்கினே மெதுவா சொன்னா. “பெருக்கலாம்னு இராயப்பர் மேல கை வெச்சேன்க்கா, எங்க வூட்டுக்காரரு என் கையைத் தட்டி வுட்டுட்டாரு. வருஷத்துக்கு ஒரு மரமாவது கவிழும், போன வருஷம் ஒண்ணு கூட கவிழலை, கிரேன்காரன் வூட்டுல இராயப்பர் அசையாம இருந்தாரு, என் வூட்டுலயும் அசைய மாட்டாருன்றாரு. கரையான் வராம இருக்க கொஞ்சம் எறும்பு குடேன்.” உன் நைனா சட்டியை வாங்கிக்கினு முருங்கை மரத்தடிக்குப் போயிருக்காரு, கடிக்குது கடிக்குதுன்னு கத்தறது இங்க வரைக்கும் கேக்குது.

இப்படிக்கு உன்னை நினைச்சுக்கினே இருக்கும் அம்மா
அ. வியாகுலம்மாள்